களப்பணி மாணவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகள் திறந்து, சமூகப்பணி படிக்கும் பிள்ளைகள் களப்பணிக்குக் கிளம்பும் நேரம் இது. அரசு மருத்துவமனை வராந்தா, குழந்தைகள் இல்லம், முதியோர் இல்லம், ஆலையின் மனிதவளப் பிரிவு என்று எங்கு போனாலும், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் நீள நோட்டுமாக இருபத்தொரு வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் நிற்பார்கள். எம்.எஸ்.டபிள்யூ., அதாவது முதுநிலைச் சமூகப்பணி மாணவர்கள். வாரத்தில் இரண்டு நாள் அவர்களுக்கு வகுப்பு கிடையாது, 'பீல்டு'. அந்த இரண்டு நாளுக்கு இடம் பிடித்துக் கொடுத்தால் தங்கள் வேலை முடிந்தது என்று பல கல்லூரிகள் நினைக்கின்றன. இடம் எப்படியோ கிடைத்துவிடுகிறது. மேற்பார்வைதான் கிடைப்பதில்லை. ஏஜென்சியில், அதாவது களப்பணி நடக்கும் நிறுவனத்தில், மாணவரை ஏற்பவர்களும் கல்லூரியிலிருந்து அனுப்புபவர்களுமாகச் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். நீளத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் படிப்பு நம் நாட்டுக்கு வந்தது 1936இல், பம்பாயில் டாட்டா அறக்கட்டளை தொடங்கிய சமூகப்பணிப் பள்ளி (இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம்) வழியாக. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் முன்னின்று தொடங்கிய சமூகப்பணிக் கல்லூரி 1952இல் வந்தது. அன்று முதல் வகுப்பறையும் களமும் இந்தப் படிப்புக்கு இரண்டு கால்கள். இன்று அரசு நடத்தும் 1098 குழந்தைகள் உதவி எண்கூட, 1996இல் அதே பம்பாய் நிறுவனத்தின் களத் திட்டமாகப் பிறந்ததுதான். களப்பணியை ஒழுங்காக நடத்தினால் அதிலிருந்து என்ன முளைக்கும் என்பதற்கு அந்த ஓர் எண் போதும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். வாரத்துக்கு 15 மணி நேரம், பருவத்துக்கு 15 வாரம், நான்கு பருவம். மொத்தம் 900 மணி நேரம். அமெரிக்காவில் முதுநிலைச் சமூகப்பணிக்கு வைத்திருக்கும் குறைந்தபட்சமும் அதே 900தான். காகிதத்தில் நாம் ஒரு மணி நேரம்கூடக் குறைவில்லை. நடப்பது வேறு. கல்லூரி திறந்த பிறகுதான் அனுமதிக் கடிதம் தட்டச்சாகிறது. அரசு மருத்துவமனை என்றால் டீன் கையெழுத்து வேண்டும். குழந்தைகள் இல்லம், கூர்நோக்கு இல்லம், சிறை என்றால் கோப்பு துறைத் தலைமை வரை போய்த் திரும்ப வேண்டும். அதில் மூன்று வாரம் போகும். உள்தேர்வுக்கு இரண்டு வாரம். ஆயுத பூஜை, தீபாவளி என்று இன்னும் ஒன்று. மிஞ்சுவது ஒன்பது வாரம், 18 நாள், 135 மணி நேரம். கணக்குப்படி வேண்டியதோ 225. குறைந்த 90 மணி நேரம் பதிவேட்டில் மட்டும் எப்படியோ நிரம்பிவிடுகிறது.

இதற்கு மருந்து எளிது. ஜூலையில் ஆள் அனுப்ப வேண்டுமானால் ஏப்ரலில் கடிதம் போக வேண்டும். மாணவர் பெயர் அப்போது தெரியாதுதான். 'முதலாண்டு மாணவர் இருவர், செவ்வாயும் வியாழனும், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை' என்று எழுதி அனுமதி வாங்கி வைத்துக்கொண்டு, பெயரைப் பின்னால் கொடுத்தால் எந்த அலுவலகமும் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஒரே மருத்துவமனைக்கு நான்கு கல்லூரிகள் ஒரே கிழமையில் பதினாறு பேரை அனுப்புவதையும் அப்போதே பேசித் தவிர்க்கலாம். பதினாறு பேர் சேர்ந்து ஒரு வார்டுக்குள் போனால் நோயாளிக்கு அது பார்வை நேரம்தான்.

இனி மேற்பார்வைக்கு வருவோம். மாணவருக்கு இரண்டு மேற்பார்வையாளர்கள் இருக்க வேண்டும். ஏஜென்சியில் ஒருவர், கல்லூரியில் ஒருவர். ஏஜென்சிக்காரர் அன்றன்றைய வேலையைக் கொடுத்துக் கூடவே இருந்து பார்ப்பார். கல்லூரி ஆசிரியர், களத்தில் அன்று நடந்ததை மாணவர் எழுதிய ரெக்கார்டைப் படித்து, வாரம் ஒரு முறை தனியாக உட்கார வைத்துப் பேசுவார். எங்கள் வட்டாரத்தில் அதற்கு 'ஐ.சி.' என்று பெயர். இண்டிவிஜுவல் கான்பரன்ஸ். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை எல்லா மாணவரும் சேர்ந்து உட்காருவது ஜி.சி., குரூப் கான்பரன்ஸ். இந்த ஐ.சி. நடந்தால் களப்பணி நடந்தது. நடக்காவிட்டால் மாணவர் பஸ் ஏறி ஓர் இடத்துக்குப் போய்விட்டு வந்தார், அவ்வளவுதான்.

ஏன் நடப்பதில்லை? ஆசிரியர் சோம்பேறி என்று சொல்லிவிடலாம், அது உண்மையில்லை. ஓர் ஆசிரியரிடம் 12 மாணவர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு முக்கால் மணி நேரம் ஐ.சி. என்றால் வாரம் 9 மணி நேரம். ஆளுக்கு வாரம் இரண்டு ரெக்கார்டு. ஒன்றைப் படித்துக் குறிப்பு எழுத 20 நிமிடம் என்றால் 8 மணி நேரம். ஏஜென்சியை எட்டிப் பார்க்கப் பேருந்து ஏறும் முன்பே 17 மணி நேரம் ஆயிற்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018ஆம் ஆண்டு விதிகளின்படி உதவிப் பேராசிரியரின் நேரடிக் கற்பித்தல் பளு வாரத்துக்கு 16 மணி நேரம். அந்த 16ஐயும் வகுப்புகளைக் கொண்டே நிரப்பிவிட்டு, களப்பணி மேற்பார்வையை 'கூடுதல் பொறுப்பு' என்று எழுதினால் என்ன ஆகும்? மதியம் சாப்பாட்டு இடைவேளையில் பன்னிரண்டு பேரும் வரிசையில் நிற்க, பன்னிரண்டு நோட்டிலும் 'பார்த்தேன்' என்று கையெழுத்து விழும். அதைத் தவிர வேறொன்றும் ஆகாது.

எங்கள் அனுபவத்தில் எட்டு மாணவர் வரை ஓர் ஆசிரியரால் உண்மையாகப் பார்க்க முடியும். பத்து என்பது இழுத்துப் பிடித்த எல்லை. அதற்கு மேல் போனால் ரெக்கார்டு படிப்பதுதான் முதலில் நிற்கும். ரெக்கார்டைப் படிக்காமல் நடத்தும் ஐ.சி. 'எப்படிப் போகுது?', 'நல்லாப் போகுது சார்' என்ற இரண்டு வரியில் முடிந்துவிடும்.

ரெக்கார்டில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக, கொஞ்சம் கிட்டப் போய்க் காட்டுகிறோம். முதியோர் இல்லத்துக்குப் போய் வந்த முதலாண்டு மாணவி பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார்: 'பாட்டியைச் சந்தித்தேன். மிகவும் மனவருத்தத்தில் இருந்தார். ஆறுதல் கூறி நம்பிக்கையூட்டினேன். மகிழ்ச்சியுடன் விடை கொடுத்தார்.' இலக்கணப் பிழை இல்லை, விஷயமும் இல்லை. ஓரத்தில் மேற்பார்வையாளர் எழுத வேண்டியது கேள்விகளைத்தான். பாட்டி உட்கார்ந்திருந்தாரா, படுத்திருந்தாரா? முதலில் வாய் திறந்தது யார்? வருத்தம் என்று எதை வைத்துத் தெரிந்தது? ஆறுதல் கூறினாய், சரி, என்ன வார்த்தை சொன்னாய்? பேச்சில் ஒரு பத்து நிமிடத்தை மட்டும், நினைவிருக்கும் வரை, நடந்தபடியே எழுதச் சொன்னால் அடுத்த வாரம் வேறு மாதிரி வரும்:

'பாட்டி: அவன் வருவான், தீவாளிக்கு.
நான்: கண்டிப்பா வருவாரு பாட்டி, கவலப்படாதீங்க.
பாட்டி: (சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு) போன தீவாளிக்கும் இப்படித்தான் சொன்னாங்க.
நான்: சாப்டீங்களா பாட்டி?'

நாலே வரிதான். ஆனால் முக்கால் மணி நேரத்துக்குப் போதுமான சரக்கு இதில் இருக்கிறது. மகன் வருவானா என்பது மாணவிக்குத் தெரியாது. தெரியாததை உறுதி சொல்லிவிட்டார். பாட்டி அதை வாங்கிக்கொள்ளாமல் திருப்பிக் கொடுத்தார். அந்தக் கனம் தாங்காமல் மாணவி சாப்பாட்டுப் பேச்சுக்கு ஓடிவிட்டார். இதைக் குற்றமாகச் சொல்லக் கூடாது. அந்த வயதில் யாரும் ஓடத்தான் செய்வார்கள். 'ஏன் ஓடினாய் என்று யோசித்துப் பார்' என்று விட்டால், சொந்த வீட்டில் இருக்கும் பாட்டியோ, இறந்துபோன தாத்தாவோ பேச்சுக்குள் வருவார்கள். பிறகு மேற்பார்வையாளர் பாட்டியாக உட்கார்ந்து, அதே வரியைச் சொல்லி, மாணவியை வேறு பதில் தேடச் சொல்ல வேண்டும். 'போன தீவாளிக்கு யாரு பாட்டி சொன்னாங்க?' என்பது ஒரு பதில். ஒன்றும் பேசாமல் இருப்பதும் ஒரு பதில்தான். இந்தப் பயிற்சியைப் பாடப் புத்தகம் தராது. விரிவுரையும் தராது.

ரெக்கார்டு எழுதுவதற்கும் சில கட்டுப்பாடுகள் உண்டு. களத்திலிருந்து வந்த அன்றிரவே எழுத வேண்டும். இரண்டு நாள் தள்ளினால் பேச்சு மறந்து கருத்துதான் மிஞ்சும். ஐ.சி.க்கு ஒரு நாள் முன்பாவது மேற்பார்வையாளர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். பக்கத்தை மூன்றாகப் பிரித்து, நடந்தது ஒரு பத்தியிலும், அப்போது தனக்கு என்ன தோன்றியது என்பது இன்னொன்றிலுமாக எழுதி, மூன்றாவதை மேற்பார்வையாளருக்கு விட வேண்டும். பருவம் முடிவதற்குள் 30 ரெக்கார்டு என்று எண்ணிக்கை வைக்கும் கல்லூரிகள், கடைசி வாரத்தில் விடுதி அறைகளில் என்ன நடக்கிறது என்று ஒரு முறை போய்ப் பார்க்கலாம். நான்கு நிறப் பேனாக்களில் மூன்று மாதம் ஒரே இரவில் எழுதப்படும். இட்டுக்கட்டிய ரெக்கார்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. அதில் யாரும் சந்திப்புக்கு வராமல் இருப்பதில்லை, எந்த வீடும் பூட்டியிருப்பதில்லை, ஒவ்வொரு சந்திப்பும் நன்றியில் முடியும். மெய்யான களத்தில் மூன்றுக்கு ஒரு முறை கதவு பூட்டியிருக்கும்.

இந்தப் புளுகுக்குப் பாதிக் காரணம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. 'ஒரு பருவத்துக்கு ஐந்து கேஸ் ஒர்க் (ஒருவரைத் தனியாகத் தொடர்ந்து சந்தித்து உதவுவது), ஒரு குரூப் ஒர்க் (குழுப்பணி), ஒரு சமூக நிகழ்ச்சி' என்று எண்ணிக்கை வைக்கிறார்கள். 18 நாளில் ஐந்து பேரை எப்படிப் பார்ப்பது? ஆளுக்கு இரண்டு முறை பார்த்து, முகவரியும் குடும்ப வரலாறும் எழுதி மூடிவிடுகிறார்கள். குடும்பத்தின் வலியைக் கிளறிவிட்டுப் பாதியில் எழுந்து வருவதற்கு அது சமம். இரண்டு பேர் போதும். பருவம் முழுக்கப் பார்க்கட்டும். குழுப்பணிக்கு ஆறு முதல் எட்டு அமர்வு, அதே ஆட்களோடு. ஒரே ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் அறுபது பிள்ளைகளை உட்கார வைத்துக் கை கழுவுவது எப்படி என்று பேசினால் அது கூட்டம், குழுப்பணி ஆகாது.

நேரமும் இடிக்கிறது. கல்லூரிக் கணக்கில் களப்பணி காலை 9.30 முதல் மாலை 5 வரை. குடியிருப்புப் பகுதியில் 11 மணிக்குக் கதவைத் தட்டினால் வயதானவர்களும் கைக்குழந்தைகளும்தான் இருப்பார்கள். வேலைக்குப் போனவர்கள் திரும்ப ஆறு மணி ஆகும். வாரத்தின் ஒரு நாளையாவது மதியம் 12.30 முதல் இரவு 8 வரை என்று மாற்றிக்கொள்ள அனுமதிக்க வேண்டும், திரும்பி வரும் வழிக்கு ஏற்பாட்டோடு. போக்குவரத்துச் செலவும் சின்ன விஷயமில்லை. மாணவர் பஸ் பாஸ் வீட்டுக்கும் கல்லூரிக்கும்தான், ஏஜென்சிக்குச் செல்லாது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாதது மாணவிகளுக்குப் பெரிய உபகாரம். வெளியூர் வண்டி ஏறினால் அதுவும் இல்லை. ஆண் பிள்ளைகள் கையிலிருந்துதான் கொடுக்கிறார்கள். இடம் ஒதுக்கும்போது மாணவரின் வீட்டுத் திசையைக் கேட்டுவிட்டு ஒதுக்குவதற்குப் பணம் ஒன்றும் செலவாகாது.

ஏஜென்சிப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். மருத்துவமனை என்றால் மருத்துவ சமூகப்பணியாளர் ஒருவர் இருக்கலாம். ஆலையில் 500 தொழிலாளரும் அதற்கு மேலும் இருந்தால் நல அலுவலர் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னதால், அந்தப் பதவியில் நம் படிப்பு படித்தவர் கிடைப்பார். தொண்டு நிறுவனங்களில்தான் சிக்கல். திட்டத்துக்கு ஆள் எடுப்பார்கள். திட்டம் முடிந்தால் ஆளும் போய்விடுவார். வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 2020இல் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைக்கப்பட்ட பிறகு பலர் ஆளைக் குறைத்துக்கொண்டார்கள். மாணவருக்குச் சொல்லித்தரும் நேரத்துக்குச் சம்பளம் தரும் நன்கொடையாளர் யாரும் இல்லை. ஆக, மூன்று பேர் வேலையை ஒருவர் பார்க்கும் அலுவலகத்துக்கு மாணவர் போய் நிற்கிறார். ஆதார் நகல்களை அடுக்கு, பயனாளிப் பட்டியலை எக்செல்லில் ஏற்று, விழாவுக்கு நாற்காலி போடு, ஆண்டறிக்கைக்குப் படம் எடு. நாற்காலி போடுவது இழிவில்லை. எந்த நிறுவனத்திலும் முதல் வாரம் அதைச் செய்தால்தான் நம்மவர் ஆவோம். பத்தாவது வாரமும் அதையே செய்தால் கல்லூரியிலிருந்து ஒருவர் வந்து கேட்க வேண்டும். கேட்க ஆள் வருவதே இல்லை.

இதைத் தடுக்க ஒரு பக்கத் தாள் போதும். முதல் இரண்டு வாரத்துக்குள் மாணவர், ஏஜென்சி மேற்பார்வையாளர், கல்லூரி மேற்பார்வையாளர் மூவரும் உட்கார்ந்து எழுத வேண்டும். மாணவர் எந்த வேலையைச் செய்வார், எதைப் பார்க்க மட்டும் செய்வார், எதைத் தொடவே கூடாது. அலுவலக வேலைக்கு வாரத்தில் அதிகபட்சம் எத்தனை மணி நேரம். ஏஜென்சி மேற்பார்வையாளர் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு மாணவரோடு உட்காருவார். அவர் விடுப்பில் போனால் யார். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பெயர் எழுதாத தாளை ஏற்கக் கூடாது.

தொடவே கூடாதவை என்றோமே, அதன் காரணம் சட்டத்தில் இருக்கிறது. குழந்தைகள் இல்லத்தில் பத்து வயதுப் பெண் ஒரு நாள் கையைப் பிடித்துக்கொண்டு, 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கக்கா' என்று தொடங்கும். பழகாத மாணவி சத்தியம் செய்துவிடுவார். அங்கேதான் ஆபத்து. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும் சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கு இடம் இருக்கிறது. பயிற்சி மாணவருக்கு விலக்கு கிடையாது. 'மேடத்திடம் சொல்லிவிட்டேன்' என்பதோடும் கடமை முடியாது. குழந்தையிடம் சொல்ல வேண்டிய பதில் முதல் வாரத்திலேயே மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும்: 'உன்னைப் பாதுகாக்க யாருக்குச் சொல்லணுமோ அவங்களுக்கு மட்டும் சொல்வேன்.' அதன் பிறகு துருவித் துருவிக் கேட்கக் கூடாது. பத்துப் பேர் பத்து முறை கேட்டால் குழந்தையின் வாக்குமூலமும் கெடும், குழந்தையும் நொறுங்கும். குழந்தை சொன்ன வார்த்தைகளை அப்படியே, தன் விளக்கம் சேர்க்காமல், நேரம் போட்டு எழுதிவைத்து, அன்றே இரண்டு மேற்பார்வையாளருக்கும் சொல்லி, புகார் போனதை உறுதி செய்ய வேண்டும். குற்றம் சாட்டப்படுபவர் அந்த இல்லத்தைச் சேர்ந்தவராக இருந்தால் கல்லூரி மேற்பார்வையாளரைத்தான் முதலில் அழைக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு அந்த அழைப்பை எடுக்க ஓர் ஆசிரியர் இருக்கிறாரா என்பதுதான் எங்கள் கேள்வி.

படம் எடுக்கும் பழக்கம் இன்னொரு தொல்லை. சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, காப்பகக் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடுவதைத் தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். 'களப்பணியில் இனிய நாள்' என்று பத்துக் குழந்தைகளோடு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்கும் மாணவருக்கு இது தெரியாது. வருகைக்குச் சான்றாக, எடுத்த இடம் பதிவாகும் 'ஜியோ டேக்' படம் கேட்டு அவரை அந்தப் பழக்கத்துக்கு ஆளாக்கும் கல்லூரிக்கும் தெரிவதில்லை. சான்று வேண்டுமானால் வாசல் பலகையைப் படம் எடுக்கட்டும். ரெக்கார்டில் உண்மைப் பெயர் எழுதக் கூடாது, குறியீடு மட்டும். எந்தக் குறியீடு யாருக்கு என்ற பட்டியல் ஏஜென்சி அலமாரியை விட்டு வெளியே வரக் கூடாது. நோட்டைப் பேருந்தில் தொலைப்பவர்கள் வருஷத்துக்கு இருவராவது உண்டு.

மாணவரின் சொந்தப் பாதுகாப்புக்கும் விதி இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'பணியாளர்' என்ற சொல்லுக்குள் பயிற்சி பெறுபவரும் அடக்கம். பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். யு.ஜி.சி.யின் 2015ஆம் ஆண்டு விதிகள், கல்வி வளாகம் என்பதில் களப் பயணம், பயிற்சி, முகாம் நடக்கும் இடங்களையும் சேர்த்திருக்கின்றன. ஆகவே 'வெளியில் நடந்தது, எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்று எந்தக் கல்லூரியும் தப்ப முடியாது. மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்து, இந்த நாலு வரியைக் களப்பணிக் கையேட்டின் முதல் பக்கத்தில் அச்சடிக்கலாம். வீட்டுச் சந்திப்புக்கு இருவராகப் போவது, போகும் முகவரியையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது, குடித்தவர் இருக்கும் வீட்டில் உட்காராமல் இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்துவிடுவது, இவற்றையெல்லாம் யாராவது வாய்விட்டுச் சொன்னால்தான் பிள்ளைகள் செய்வார்கள்.

கிராம முகாமைப் பற்றி அதிகம் எழுதவில்லை. ஏழு முதல் பத்து நாள் முகாமில் முள் வெட்டி, கண் சிகிச்சை முகாம் நடத்தி, கடைசி நாள் கலைநிகழ்ச்சியோடு முடிப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒன்று மட்டும். கோலப்பொடியில் ஊர் வரைபடம் போடச் சொன்னால், ஊராட்சித் தலைவர் வீட்டு வாசலில், அவர் சொல்லச் சொல்லப் போடுகிறார்கள். அந்தப் படத்தில் காலனி ஒரு ஓரத்துச் சின்னக் கட்டமாக இருக்கும், சில சமயம் இருக்கவே இருக்காது. முதல் படத்தைக் காலனியில், நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள் திரும்பிய பிறகு, மாலையில் போட்டுவிட்டு அப்புறம் ஊருக்குள் வரட்டும். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதிப் பாடம் நடந்துவிடும்.

மதிப்பெண்ணில் ஒரு மூடுமந்திரமும் இல்லை: ஏஜென்சிக்காரர் எல்லோருக்கும் 90 போடுகிறார், குறைத்தால் மனஸ்தாபம். பருவ முடிவில் ஒரே ஒரு முறை மதிப்பிடுவதால் வரும் வினை இது. ஆறாம் வாரத்தில் மதிப்பெண் இல்லாத இடைக்கால மதிப்பீடு ஒன்று வைத்தால், 'நேரத்துக்கு வருவதில்லை', 'கேட்பதைவிட அதிகம் பேசுகிறார்' என்று கூச்சமில்லாமல் எழுதுவார்கள். திருத்திக்கொள்ள மாணவருக்கும் வாரங்கள் மீதமிருக்கும்.

மக்கள் பக்கம் இன்னொரு குழப்பம் உண்டு. அடையாள அட்டையைப் பார்த்ததும் சர்க்கார் ஆள் என்று நினைத்து முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய்க்கு மனுவை நீட்டுவார்கள். 'ஏற்பாடு பண்றேன் பாட்டி' என்று வாங்கிப் பைக்குள் வைக்கும் மாணவர், டிசம்பரில் பையோடு போய்விடுவார். அவர் செய்ய வேண்டியது, அந்தப் பாட்டியோடு ஒரு முறை இ-சேவை மையம் வரை கூடப் போய், எந்தத் தாள் இல்லாததால் மனு திரும்புகிறது என்று பார்த்து வருவது. 'நான் மாணவி, டிசம்பர் வரை வருவேன், என்னால் இது முடியும், இது முடியாது' என்று முதல் நாளே சொல்வதும் களப்பணியில் ஒரு திறமை.

குழந்தைகள் இல்லத்தில் இது இன்னும் கூர்மையாகக் குத்தும். வருஷத்துக்கு இரண்டு அணி மாணவர் வந்தால், அங்கே நான்கு ஆண்டு இருக்கும் பிள்ளை எட்டு அக்கா அண்ணன்களோடு ஒட்டி எட்டு முறை பிரிகிறது. விடைபெறுவதை மூன்று வாரம் முன்பே சொல்லி, எத்தனை சந்திப்பு மீதி என்று காலண்டரில் குழந்தையே அழிக்கும்படி செய்ய வேண்டும். போன் எண் கொடுப்பதும் 'அப்பப்போ வந்து பார்ப்பேன்' என்பதும் கூடாது.

வக்கீலுக்கு பார் கவுன்சில் இருக்கிறது. செவிலியர் பயிற்சி நேரத்தைச் செவிலியர் கவுன்சில் கேட்கும். சமூகப்பணி முழுமைக்கும் அப்படி ஒரு சட்டபூர்வ அமைப்பு இந்தியாவில் இன்றுவரை இல்லை. 2021இல் வந்த இணைச் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் மருத்துவ, மனநலச் சமூகப்பணியாளரைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. குழந்தைகள் இல்லத்துக்கும் குடிசைப் பகுதிக்கும் போகும் மாணவரைக் கேட்பார் யாரும் இல்லை. அப்படி ஓர் அமைப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத மூன்று காரியங்களைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்களே செய்யலாம். எட்டு மாணவருக்கான மேற்பார்வையை ஆசிரியரின் பளுக் கணக்கில் வாரம் ஆறு மணி நேரமாகவாவது எழுத வேண்டும். ஐ.சி.யை மற்ற பாடங்களைப் போல் கால அட்டவணையில் கிழமையும் மணியும் போட்டு ஏற்ற வேண்டும். ஏஜென்சி மேற்பார்வையாளருக்கு ஒரு மதிப்பூதியமும், ஆண்டுக்கு ஒரு நாள் பயிற்சியும் தர வேண்டும். களப்பணிக் கட்டணம் என்று மாணவரிடம் வாங்கும் பணத்தில் ஒரு பங்கு அதற்குப் போகட்டும்.

எம்.எஸ்.டபிள்யூ. சேர்க்கைக்குப் போகும் பெற்றோர், வேலைவாய்ப்பு எத்தனை சதவீதம் என்று கேட்டுவிட்டு, கையோடு இதையும் கேட்கலாம்: ஓர் ஆசிரியருக்குக் களப்பணியில் எத்தனை மாணவர், ஐ.சி. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு?

இப்படிக்கு,
சமூகப்பணிக் களப்பணி மேற்பார்வையாளர்கள் சிலர்,
திருச்சி.